கோடித் துணியை நனைக்காமல் குவில்ட் தைக்கலாமா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தை மேல்மாடியில் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களுக்கு இது பழகிய கேள்வி. பையிலிருந்து துணியை எடுத்து வைத்ததும், அளவு நாடாவைத் தொடுவதற்கு முன்பே தையல்காரர் கேட்பார்: "லைனிங் நனைச்சாச்சா அக்கா?" இல்லை என்றால், "சரி, வச்சிட்டுப் போங்க, நானே நனைச்சுக்கிறேன்" என்பார். ரவிக்கை கைக்கு வருவது ஒரு நாள் தள்ளிப் போகும். நாமும் மறுபேச்சுப் பேசமாட்டோம்.

குவில்ட் என்று வந்துவிட்டால் மட்டும் இதே விஷயம் பெரிய வழக்காகிவிடுகிறது. எங்கள் சமூக மன்றத் தையல் வகுப்பில் "கழுவாமல் வெட்டினால் அத்தனையும் பாழ்" என்று ஒரு கட்சி, "நான் கழுவியதே இல்லை, ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொரு கட்சி. இருவருமே சொந்த அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் சாயத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார், மற்றவர் துணி சுருங்குவதை. மூன்று தனித்தனி விஷயங்கள் ஒரே கேள்விக்குள் கிடந்து அடித்துக்கொள்கின்றன. துணி சுருங்குமா, சாயம் போகுமா, ஆலையில் ஏற்றிய கஞ்சியை என்ன செய்வது. தனித்தனியாகப் பிரித்தால் பதில் சுலபம்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே, சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த பரப்பு. நடுவில் பஞ்சு விரிப்பு. அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் ஊடுருவி வரிவரியாகத் தையல் ஓடும். சிங்கப்பூர் வெயிலில் யாருக்கு இது என்று கேட்க வேண்டாம். ஏசியை 22 டிகிரியில் வைத்துவிட்டுக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் நாம்.

சுருங்குவது நூலா, துணியா?

உங்கள் புளோக் கீழ்த்தளத்துத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். நேர் வரிசையாகப் பத்துத் தூண்கள். ஒரு நீளக் கயிற்றை எடுத்து, முதல் தூணுக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று வளைத்து வளைத்துக் கொண்டுபோகிறீர்கள். கயிறு சரியாகப் பத்தாவது தூண்வரை எட்டுகிறது.

இப்போது தூண்கள் எல்லாம் திடீரென்று பருத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அதே கயிறு ஒவ்வொரு தூணையும் சுற்றிப்போக இன்னும் அகலமாக வளைய வேண்டும். அதனால் ஒன்பதாவது தூணிலேயே தீர்ந்துபோகும். கயிறு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அது எட்டும் தூரம்தான் குறைந்தது. கயிற்றை அறுக்காமல் பத்தாவது தூணையும் சேர்க்க வேண்டுமென்றால் ஒரே வழி, தூண்கள் ஒன்றையொன்று நெருங்கி வருவது. பருத்தித் துணி நனையும்போது நடப்பது அதுதான்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே மேலும் கீழுமாகப் புகுந்து போவது ஊடை. பாவுக்கு ஊடை தூண், ஊடைக்குப் பாவு தூண். பருத்தி இழை தண்ணீர் குடித்தால் நன்றாகப் பருக்கும், நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பருத்த நூல்களைச் சுற்றி வளைந்துபோக வேண்டியிருப்பதால் நூல்கள் ஒன்றையொன்று இழுத்து நெருங்குகின்றன. துணி சிறுக்கிறது. காய்ந்தபின் இழை மெலிந்தாலும், நெருங்கிய நூல்கள் தாமாகப் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நெய்யும்போது பாவை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். சாயம் ஏற்றி, காயவைத்து, அகலம் சரிசெய்யும்போதும் துணி மறுபடி இழுபடும். அந்த இழுப்போடேயே கஞ்சி காய்ந்து, இஸ்திரி விழுந்து, கட்டாகச் சுற்றப்பட்டுக் கடைக்கு வருகிறது. முதல் தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு விட்டுப்போகிறது. பாவுதான் அதிகம் இழுபட்டது என்பதால் பெரும்பாலும் நீளவாக்கில்தான் கூடுதலாகச் சுருங்கும். துணியின் கெட்டிக் கரை எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதுவே பாவின் திசை. துண்டுகளை வெட்டும்போது இதைக் கவனித்து ஒரே வாக்கில் வெட்டினால், எல்லாம் ஒரே பக்கமாகச் சுருங்கும்.

எவ்வளவு சுருங்கும்? குவில்ட்டுக்கென்று விற்கும் பருத்தித் துணி பொதுவாக 2 முதல் 5 விழுக்காடு. 150 சென்டிமீட்டர் துணி 3 விழுக்காடு சுருங்கினால் நாலரை சென்டிமீட்டர் போச்சு. தளர்வாக நெய்த கைத்தறியும் ஃபிளானலும் இன்னும் கூடச் சுருங்கலாம். பாலியெஸ்டர் தண்ணீரை அவ்வளவாகக் குடிப்பதில்லை, அதனால் சாதாரணச் சலவையில் அது அசைந்து கொடுக்காது. வீட்டில் பெரியவர்கள் யாராவது சட்டைத் துணியின் ஓரத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்று முத்திரை பார்த்ததாகச் சொல்வார்கள். அமெரிக்கரான சான்ஃபர்ட் கிளூவெட் 1930இல் காப்புரிமை பெற்ற முறை அது. துணியை ஆலையிலேயே ஈரமும் சூடும் கொடுத்து, நெருக்கிச் சுருக்கி அனுப்பிவிடுவது. நாம் வாளியில் செய்வதை அவர்கள் இயந்திரத்தில் செய்தார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நனைந்த நூல் பருப்பதாலும், தறியின் இழுப்பு விடுவதாலும் பருத்தித் துணி சிறுக்கிறது. பெரும்பங்கு முதல் சலவையிலேயே முடிந்துவிடும், அடுத்த சில சலவைகளில் இன்னும் கொஞ்சம் இருக்கும்.

புடவை ஃபால்ஸ் ஏன் சுருட்டிக்கொள்கிறது?

சுருங்கினால்தான் என்ன? ஒரு போர்வை நாலு விரல் குறைந்தால் குடியா முழுகிவிடும்? இது நியாயமான கேள்விதான். கழுவ வேண்டாம் என்னும் கட்சியின் பலமே இதில்தான் இருக்கிறது.

புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்தவர்கள், நனைக்காத ஃபால்ஸ் என்ன செய்யும் என்று பார்த்திருப்பார்கள். முதல் சலவைக்குப் பிறகு கொசுவத்தின் அடிப்பகுதி முழுக்க அலை அலையாக இழுத்துக்கொண்டு நிற்கும். ஃபால்ஸ் சுருங்கியது மட்டும் அதற்குக் காரணமில்லை. புடவை சுருங்காமல் நின்றுவிட்டது என்பதே தொல்லை. இரண்டும் சேர்ந்து சுருங்கியிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

குவில்ட்டிலும் கணக்கு அதுவே. ஒரே கடையில், ஒரே வகைத் துணியாக வாங்கி, எதையும் கழுவாமல் தைத்தால், மேலும் கீழும் நடுப் பஞ்சும் ஏறத்தாழ ஒன்றாகச் சுருங்கும். தையல் நூல் பிடித்துக்கொண்டிருக்க, இடைப்பட்ட துணி மெல்ல உப்பிச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழும். பழைய குவில்ட்டுகளில் பார்க்கும் அந்தக் கசங்கிய அழகு இதுதான். அதை விரும்பியே பலர் கழுவாமல் தைக்கிறார்கள். கழுவிய துணிக்கு நடுவே கழுவாத பருத்திப் பஞ்சு வைத்தாலும் சுருக்கம் விழும், கொஞ்சம் குறைவாக. பஞ்சுக்கும் துணிக்கும் இடையே உள்ள வேறுபாடு போர்வை முழுவதும் ஒரே சீராகப் பரவிவிடுவதால் கண்ணை உறுத்தாது.

அடுத்தடுத்த துண்டுகள் ஆளுக்கொரு கணக்கில் சுருங்கினால்தான் வம்பு. அம்மாவின் பழைய வாயில் புடவை ஒன்றை வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நூறு தடவை தண்ணீர் பார்த்தது, இனிச் சுருங்க ஒன்றும் மிச்சமில்லை. அதன் பக்கத்தில் நேற்று வாங்கிய வெள்ளைப் பாப்ளினைக் கோடியாகவே வைத்துத் தைக்கிறீர்கள். சலவைக்குப் பிறகு 20 சென்டிமீட்டர் பாப்ளின் துண்டு ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் வரை குறையலாம். புடவைத் துண்டு அப்படியே நிற்கும். தையல் இரண்டையும் கட்டிவைத்திருப்பதால், புடவைத் துண்டுகள் போக்கிடமில்லாமல் நடுவில் தொப்பை போட்டுக்கொள்ளும். எந்த இஸ்திரிப் பெட்டியும் அதைச் சரிசெய்யாது.

ஆகவே, 'கழுவலாமா வேண்டாமா' என்பதைவிட 'கழுவியதையும் கழுவாததையும் கலக்கிறோமா' என்று பார்ப்பதுதான் உருப்படியான கேள்வி.

சாயம்: மருதாணியும் குங்குமமும்

சுருங்குவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாயம் வேறு கதை, அதில் எனக்குச் சூடுபட்ட அனுபவம் உண்டு.

தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு சின்னக் குவில்ட் தைத்தேன். மதுரையிலிருந்து உறவினர் கொண்டுவந்த சிவப்புச் சுங்குடியும் வெள்ளைப் பாப்ளினும், சதுரங்கக் கட்டம் போல. சுங்குடி சாயம் போகும் என்று தெரியும். அதனால் பாட்டி காலத்து வைத்தியப்படி ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீரில் லேசான இளஞ்சிவப்பு, அவ்வளவுதான். சாயம் 'கட்டிவிட்டது' என்று நிம்மதியாக வெட்டித் தைத்தேன். முதல் சலவையில் வெள்ளைக் கட்டங்கள் அத்தனையும் ரோஸ் மில்க் நிறம்.

என்ன நடந்தது? கையில் மருதாணி வைத்துக் கழுவுவதை யோசியுங்கள். மேலே அப்பியிருந்த பச்சை விழுது தண்ணீரோடு போய்விடும். தோலோடு இணைந்த சிவப்பு நாள் கணக்கில் இருக்கும். நெற்றிக் குங்குமம் அப்படியில்லை, அது தோல்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, வேர்வை பட்டாலே வழியும்.

பருத்திக்குப் போடும் சாயங்களில் இந்த இரண்டு குணமும் உண்டு. இழையோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும் சாயத்தை வினைச்சாயம் என்கிறார்கள். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1956இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய நல்ல பருத்தித் துணிகளில் நிறையவற்றுக்கு இந்த வகைதான். ஆனால் சாயத் தொட்டியில் ஊற்றும் வினைச்சாயம் முழுவதும் இழையைப் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு பங்கு இழைக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையும் சக்தியை இழந்துவிடும். அந்தப் பங்கு துணிக்குள்ளேயே குங்குமம்போலத் தங்கியிருக்கும். ஆலையில் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி அதை வெளியேற்ற வேண்டும். அலசல் குறைந்தால், மிச்சம் நம் வீட்டு வாளியில் இறங்கும். அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு என்று சாயம் அதிகம் ஏற்றிய துணிகளில் மிச்சமும் அதிகம். அவுரி நீலம் இன்னொரு ரகம். அது இழையோடு பிணையாமல் நுண்துகளாக உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் கரையாவிட்டாலும் உராய்ந்தால் உதிரும். புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெள்ளைச் சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சரி, உப்பு? சாயமேற்றும் தொட்டியில் உப்புக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவது அதுதான். அந்த ஞாபகத்தில்தான் 'உப்பு சாயத்தைக் கட்டும்' என்ற பேச்சு வந்திருக்க வேண்டும். சாயமேற்றி முடித்த துணியை உப்புத் தண்ணீரில் போட்டால், உப்பு இருக்கும்வரை தளர்ந்த சாயம் வெளியே வரத் தயங்கும். நமக்குத் தண்ணீர் தெளிவாகத் தெரியும். அடுத்த முறை உப்பில்லாத தண்ணீரும் சோப்பும் பட்டதும் உள்ளே இருந்ததெல்லாம் கிளம்பி வரும். நான் ஏமாந்தது இப்படித்தான். வினிகரும் பருத்தியில் பயன்படாது. அமிலம் உதவுவது பட்டு, கம்பளிக்கான சில சாயங்களுக்கு.

பாத்திக் பற்றி ஒரு வார்த்தை, அராப் ஸ்திரீட் பக்கம் போனால் வாங்காமல் வரமுடியாது என்பதால். மெழுகால் கோலமிட்டுச் சாயம் போடும் அசல் பாத்திக்கில், கடைசியில் மெழுகை எடுக்கத் துணியைக் கொதிநீரில் போடுவார்கள். ஆக அது ஏற்கெனவே சூடான தண்ணீர் கண்ட துணி. அதற்காகச் சாயம் போகாது என்று நம்பிவிடக் கூடாது, அடர்நிறங்கள் அப்போதும் கசியும். பாத்திக் கோலத்தை அச்சடித்த துணி வேறு. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறியிருக்கும், அதைக் கோடித் துணியாகவே நடத்துங்கள்.

சுருக்கமாக: பிணைந்த சாயம் போகாது, தங்கியிருக்கும் சாயம்தான் போகும். அதைக் கட்டிவைக்க வீட்டு வைத்தியம் கிடையாது, வெளியேற்றத்தான் முடியும்.

கஞ்சி நல்லதா, கெட்டதா?

நெய்யும்போது நூல் அறாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். அதை நீக்கியபின், கடையில் மிடுக்காகத் தெரிவதற்காக வேறு பூச்சுகள் ஏறும். வெட்டுகிறவருக்கு இந்த விறைப்பு ஒரு வரம், கத்தி நேராகப் போகும், துண்டு கோணாது. கழுவிய துணி தொய்ந்து கையில் நழுவும். கழுவாதவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு உண்மையாகவே பிடித்தது இதுதான். ஆனால் இழந்த விறைப்பைத் திரும்பப் பெறலாம், கஞ்சித் தெளிப்பான் அடித்து இஸ்திரி போட்டால் போதும். தைத்து முடித்ததும் அதைக் கழுவிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கஞ்சியோடு மடித்து அலமாரியில் வைத்தால் பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் விருந்துக்கு வந்துவிடும்.

கசங்காத துணி என்று விற்பவற்றில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசின் பூச்சு இருக்கலாம். அரிப்பு, ஒவ்வாமை உள்ளவர்களும் கைக்குழந்தைக்குத் தைக்கிறவர்களும் முன்பே அலசிவிடுவது நல்லது.

வெட்டுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை

சந்தேகமாக இருக்கும் துணியில் 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டுங்கள். சோப்புத்தூள் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில், உப்பில்லாமல், அரைமணி நேரம் ஊறட்டும். ஈரத்தோடு எடுத்து வெள்ளைத் துணிமேல் பரப்பி அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணி கழுவாமல் உள்ளே வரக்கூடாது. காய்ந்ததும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைவும் அரை விழுக்காடு. இரண்டு துணிகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் நான் கண்டுகொள்வதில்லை. 5, 6 என்று போனால் இரண்டையும் கழுவிவிடுவேன்.

சோதனையே தேவையில்லாத இடங்களும் உண்டு. இரண்டரை அங்குல நாடா, ஐந்து அங்குலச் சதுரம் என்று வெட்டியே விற்கும் கட்டுகளைக் கழுவவே கழுவாதீர்கள். ஓரம் பிரிந்து, நூல் சிக்கி, அளவு கெட்டு வெளியே வரும். சுவரில் மாட்டப்போகும், எந்நாளும் தண்ணீர் காணாத வேலைக்கும் கழுவல் வீண். அதேசமயம் சுங்குடி, கைத்தறி, அவுரி, எந்த வகையானாலும் அடர்சிவப்பு, இவற்றை வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால் நான் யாரிடமும் யோசனை கேட்பதில்லை, நேராக வாளிதான்.

கழுவும்போது துணியின் நான்கு மூலைகளையும் சிறு முக்கோணமாகக் கத்தரித்துவிடுங்கள், நூல் பிரிவது வெகுவாகக் குறையும். அரை மீட்டருக்குக் கீழான துண்டுகளை இயந்திரத்தில் போடுவதென்றால் வலைப்பைக்குள் போடுங்கள். அடர்நிறம் தனி, வெளிர்நிறம் தனி. மூங்கில் கழியில் காயப்போடும்போது இழுத்து மாட்டாமல் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்துணி தன் எடையிலேயே மறுபடி இழுபடும். முழுக்கக் காய்வதற்குக் கொஞ்சம் முன்பே எடுத்து, பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து இஸ்திரி போட்டால் இழை கோணாமல் நிற்கும்.

வெள்ளை ரோஸ் மில்க் ஆன பிறகு

அந்தக் குவில்ட்டை நான் உடனே காயப்போட்டுவிடவில்லை. அந்த ஒரு புத்தியாவது இருந்தது. ஒருமுறை காய்ந்து சூடு பட்டுவிட்டால், ஒட்டிய சாயத்தை எடுப்பது இன்னும் கடினம். குளியலறையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, கை பொறுக்கும் அளவுக்கு மேலான சூட்டில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் ஊற்றி, குவில்ட் முழுவதும் மூழ்கும்படி அமுக்கி வைத்தேன். தண்ணீர் நிறைய இருக்க வேண்டும், துணி மேலே தலை நீட்டக்கூடாது. சூடு சாயத்தைத் தளர்த்துகிறது. சோப்பு அதைத் தண்ணீரிலேயே பிடித்து வைக்கிறது. தண்ணீர் ஏராளமாக இருந்தால்தான் வெளியேறிய சாயம் பக்கத்து வெள்ளையில் திரும்பப் போய் ஒட்டாது. சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர். முதல் தண்ணீர் பீட்ரூட் சாறு, இரண்டாவது ரோஜா, மூன்றாவது இளஞ்சிவப்பு. மறுநாள் மதியம் ஐந்தாவது தண்ணீரில்தான் தொட்டியின் அடி தெரிந்தது. வெள்ளைக் கட்டங்கள் வெள்ளையாகிவிட்டன, ஓரத்தில் ஒரேயொரு கட்டத்தைத் தவிர. அதன்மேல் குழந்தையின் பெயரைச் சிவப்பு நூலில் பின்னிக் கொடுத்துவிட்டேன்.